போன வருஷத்துக் கதிர்கள்

ஆய்வுக்கூடத்துக் கடிதத்தை நியேவெஸ் மேசைமேல் வைத்தபோது எலோய் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்காமலே படித்தார். அவருடைய மக்காச்சோளத்தில் மரபணு மாற்றிய ரகம் கலந்திருக்கிறது. இந்த விளைச்சலுக்கு இயற்கை வேளாண்மைச் சான்று கிடையாது. கோழித்தீவனத்துக்கு வாங்கும் முட்டைப் பண்ணைக்காரர் இனி இதைத் தொடமாட்டார். எலோய் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மிச்ச ரொட்டியையும் அறுத்து முடித்தார்.

சான்று அலுவலகத்துக்காக மாதிரி எடுக்கும் வேலையில் நியேவெஸுக்குப் பதினோரு வருடம். இப்படிப்பட்ட கடிதங்களை அரகோன் மாநிலம் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். ஆனால் இந்த வீட்டு வயலுக்கு எதிரே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருப்பது அவள் புருஷன் ராமிரோவின் வயல். ஒரு வருடம் தண்டுத்துளைப்பான் புழு அரித்து, அறுவடைக்கு முந்தின வாரம் காற்றில் பாதி வயல் படுத்துவிட்டது. அதன்பிறகுதான் ராமிரோ புழு தொடாத, மரபணு மாற்றிய விதைக்கு மாறினான். அரசாங்கம் அனுமதித்த விதைதான். கால்வாயை விட்டுக் கொஞ்சம் தள்ளி விதைக்கக்கூடாதா என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, “சட்டத்துல இல்லாத தூரத்த நான் எங்க போய் அளக்க?” என்றான்.

இந்த ஜூலையில் இரண்டு வயல்களும் ஒரே வாரத்தில் பூத்தன. துணி காயப்போட வந்தவள், வடமேற்குக் காற்றில் மஞ்சள் மகரந்தத் தூள் கால்வாயைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது படிவத்தை நிரப்பினாள். கலப்பு எங்கிருந்து வந்திருக்கலாம் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதி அவர் பக்கம் தள்ளினாள். எலோய் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

“நல்லவேளை, போன வருஷத்துக் கதிர எடுத்து வச்சிருக்கேன்” என்றார். உத்தரத்தில் சிவப்புக் கதிர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. இருபத்தாறு வருடமாக அவரே பொறுக்கிய விதை. “அதுல இருந்து மறுபடி ஆரம்பிச்சுக்கலாம். ராமிரோ இந்த வருஷம்தானம்மா அந்தப் புது விதையப் போட்டான்?”

முதல் வருடமான போன வருடம் ராமிரோ அதைக் கால்வாய் ஓரத்தில் மட்டும் போட்டிருந்தான். போன வருட மாதிரியில் ஒன்றும் அகப்படவில்லை. மாதிரிக்கு எந்த மூலையில் கதிர் ஒடிப்பது என்று முடிவு செய்தவள் அவள்தான். கால்வாய்ப் பக்கத்து மகரந்தம் எட்டாத மூலையாகப் பார்த்துத்தான் ஒடித்தாள். தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். ஏப்ரல் வாக்கில் அவர் இந்தக் கதிர்களை உதிர்த்து விதைப்பார்.

“போன வருஷமும் போட்டாரு அண்ணே.”

எலோய் படிவத்தை இழுத்து, இப்போதுதான் படித்தார்.

“அப்ப இதுல ஏன் தெரியலன்னு எழுதின?”

பதிலுக்குக் காத்திருக்காமல் எலோய் நாற்காலியைப் போட்டு ஏறி, இனி விதைக்கு உதவாத கொத்துகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அவள் முன்னால் மேசையில் அடுக்க ஆரம்பித்தார். ரொட்டியும் கடிதமும் படிவமும் மறைந்தன. இடம் போதாமல் ஒரு கொத்து அவள் மடியில் சரிந்தது. அதைத் தூக்கி வைக்கவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே அவர் அடுத்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.