கழற்ற மறந்த மைக்

படக்குழுவில் எல்லாரும் அவளைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒலிப்பதிவு அவள் வேலை. பக்கத்து அறையில் யாராவது பெருமூச்சு விட்டால்கூடப் பிடித்துவிடுவாள் என்று டைரக்டர் போகிற இடமெல்லாம் பெருமையடிப்பார்.

அவர்கள் எடுத்துக்கொண்டிருந்த ஆவணப்படம் ஒரு சைக்கிள் பந்தய வீரனைப் பற்றியது. மேடு ஏற ஏற வேகம் கூடுகிறவன் என்பதால் ரசிகர்கள் அவனுக்கு 'மலைராஜா' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். ஓய்வு பெற்றவன் திரும்பி வந்திருக்கிறான், மறுபடியும் ஜெயிக்கப் போகிறான், அதைக் கூடவே இருந்து எடுக்க வேண்டும். டைரக்டருக்கு அவன்மேல் பக்தி என்றே சொல்லலாம்.

மலைராஜாவின் பேரில் பழைய புகார் ஒன்று இருந்தது. அவனோடு ஒரே அணியில் ஓட்டிய ஒருவன், "இவன் ஊக்கமருந்து போடுறான், பந்தயத்துக்கு முந்தின ராத்திரி கூடுதலா ரத்தம் ஏத்திக்கிறான், அணி டாக்டரே உடந்தை" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டான். மலைராஜா அவனைக் கோர்ட்டுக்கு இழுத்தான். சாட்சி சொல்ல ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. பொறாமையில் புளுகியவன் என்று பெயரெடுத்து, எந்த அணியும் சீந்தாமல், கடைசியில் அவன் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்துக்கொண்டான்.

அந்தப் புளுகன் காதுவின் கூடப்பிறந்த அண்ணன். இதை அவள் குழுவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. தோற்ற ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான் என்றே அவளும் நினைத்திருந்தாள். வழக்கு நடந்தபோது, "நீ ஒண்ணும் பேச வேணாம், பக்கத்துல வந்து உக்காந்தாப் போதும்" என்று அவன் கேட்டான். வேலை இருக்கிறது என்று சொல்லித் தட்டிக் கழித்தாள். அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.

படப்பிடிப்பின் முதல் நாள் அவள் மலைராஜாவின் சட்டைக்குள் மைக்கையும் இடுப்பில் அதன் சின்னப் பெட்டியையும் பொருத்தியபோது, அவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "காலையில மாட்டுங்க, ராத்திரி கழட்டுங்க. என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?"

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவளும்தான் தட்டினாள்.

பந்தயத்தின் மிகக் கடினமான மலைச்சுற்று நடக்கவிருந்த நாள். விடிந்ததும் விடியாததுமாக, சொல்லாமல் கொள்ளாமல், ரத்தப் பரிசோதனைக்காரர்கள் ஹோட்டலுக்கு வந்து நின்றார்கள். அணி மேனேஜர் அவர்களை வரவேற்பறையிலேயே மடக்கினார். "குளிச்சிட்டிருக்கார். ஒரு காபி சாப்பிடுங்க." டைரக்டரும் கேமராக்காரரும் அதைப் படம்பிடிக்கக் கீழே ஓடினார்கள்.

காது மாடி நடையில் துவைத்த துணி அடுக்கிய தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருந்தாள். மலைராஜாவுக்குச் சற்று முன்புதான் மைக் மாட்டியிருந்தாள். அவன் தன்னைக் கடந்து டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவதைப் பார்த்தாள். குளிக்கப் போகவில்லையா? ஹெட்ஃபோனில் டாக்டரின் குரல் வந்தது.

"கையை நீட்டு. ராத்திரி ஏத்துன ரத்தம் கூடிப்போச்சு. இப்ப அவங்க ரத்தம் எடுத்தா மாட்டிக்குவ."

"உப்புத்தண்ணி எங்க? சீக்கிரம்யா!"

"ஏறுது, ஏறுது. நீர்த்துப்போனா அளவு தானா இறங்கிடும்."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மலைராஜா மெதுவாகச் சிரித்தான். "இதைத்தானே அந்தக் கிறுக்கன் அன்னிக்கே புள்ளி மாறாம சொன்னான்? எவன் நம்பினான்? கோர்ட்டுல அவன் வீட்டு ஆளுங்க ஒருத்தர்கூட வந்து உக்காரல."

அண்ணன் தன்னந்தனியாகக் கோர்ட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது, அவள் பார்க்காமல் விட்ட அந்தக் காட்சி, இப்போது கண்ணுக்கு நேரே வந்து நின்றது.

"இடுப்புல என்னது அது?" என்றார் டாக்டர்.

சட்டென்று எல்லாம் அடங்கியது. துணி உரசியது. சத்தம் அறுந்துபோனது.

அவள் கை அவளுக்கு முன்னால் வேலை செய்தது. கருவியிலிருந்து மெமரி கார்டை உருவினாள். வேறொன்றைச் செருகினாள். உருவியதை ஹெட்ஃபோனின் காதுறைப் பஞ்சுக்குள் திணித்து முடிக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

மலைராஜா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே வந்தான். முகத்தில் அதே சிரிப்பு. "மைக்கைக் கழட்ட மறந்துட்டேன்மா. ஏதாவது கேட்டுச்சா?"

"தண்ணி ஓடுற சத்தம்தான் சார்."

"உன்னைக் காதுன்னுல்ல கூப்பிடறாங்க?"

அவன் கருவியை எடுத்து, உள்ளே இருந்த கார்டை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டான். போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. அவள் கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனைக் கழற்றித் தன் தலையில் மாட்டி, இரண்டு கையாலும் காதோடு அழுத்தினான். கார்டுக்கும் அவன் காதுக்கும் நடுவே ஒரு மெல்லிய துணிதான்.

"இந்தப் பக்கம் ஏதோ உறுத்துதே."

"பழசு சார். பஞ்சு கட்டிதட்டிப் போச்சு."

அவன் கண்ணெடுக்காமல் அவளையே பார்த்தான். "வீட்டுல யார் யார் இருக்காங்க?"

"ஒரு அண்ணன்."

"என்ன பண்றார்?"

ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. இன்னொன்று சொல்ல வாய் வரவில்லை. "சைக்கிள் கடை வச்சிருக்கார்."

சிரிப்பு உதட்டில் மட்டும் மிஞ்சியது. அவள் மூக்கையும் புருவத்தையும் முதன்முதலாகப் பார்ப்பவன்போல் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் படிக்கட்டிலிருந்து மேனேஜர் கத்தினார். "இனி நிறுத்த முடியாது, மேல வர்றாங்க!" அவன் ஹெட்ஃபோனை அவள் மடியில் வீசிவிட்டுத் தன் அறைக்கு ஓடினான்.

அன்று ரத்தம் தேறியது. மலையிலும் அவனே ஜெயித்தான்.

வேனில் டைரக்டர் அந்தப் பதிவை முழுதாகக் கேட்டார். நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். "இதை வெளிய விட்டா நம்மளைக் கோர்ட்டுல வச்சு உரிச்சிடுவான்."

"மறைக்க என்ன இருக்குன்னு கேமரா முன்னாடி சொன்னவர் அவர்தானே சார்."

டைரக்டர் கார்டை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆனால் கடைசிப் பேட்டி அன்று, கேமரா ஓடும்போது, அவரே மேசையில் ஒலிபெருக்கியை வைத்துப் பதிவை ஓடவிட்டார்.

மலைராஜா அசையாமல் கேட்டான். "மிமிக்ரி நல்லாருக்கு" என்றான். பிறகு விரலை நீட்டினான். "இவ யார்னு தெரியுமா உங்களுக்கு? அந்தப் புளுகனோட தங்கச்சி. பழிவாங்க வேலைக்குச் சேர்ந்திருக்கா!"

டைரக்டர் திரும்பிப் பார்த்தார். அறையில் எல்லார் கண்ணும் அவள்மேல்.

"தங்கச்சிதான் சார். உங்ககிட்ட மறைச்சது தப்புதான்" என்றாள். "ஆனா நானும் இவரைத்தான் நம்பினேன். அண்ணனை நம்பல. அன்னிக்குக் காலையில வரைக்கும்."

கேமராக்காரர் நிறுத்தட்டுமா என்று சைகையில் கேட்டார். "ஓடட்டும்" என்றார் டைரக்டர். மலைராஜா மைக்கைப் பிய்த்தெறிந்துவிட்டு வெளியேறினான். அதுவும் படத்தில் வந்தது.

வழக்கு போடுவேன் என்று அவன் குதித்தான். ஆனால் படம் வெளிவந்ததும் தலை தப்பினால் போதுமென்று டாக்டர் விசாரணைக் குழுவிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். பட்டங்கள் ஒவ்வொன்றாகப் பறிபோயின.

காது ஒரு மதியம் அண்ணன் கடைக்குப் போனாள். அவன் சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படம் பார்த்தியா அண்ணா?"

"பார்த்தேன்." சக்கரம் நிற்கும்வரை அவன் நிமிரவில்லை. "நான் சொன்னப்ப நம்பல. அவன் வாயால கேட்டதும் நம்பிட்ட."

"ஆமா" என்றாள்.

அவன் கம்பியை முறுக்கினான். மறுபடி சுழற்றினான். கண்ணைப் புறங்கையால் துடைத்தான். விரலில் இருந்த கிரீஸ் கன்னத்தில் அப்பிக்கொண்டது. "கோவம் தீரலடி. சீக்கிரம் தீராது."

"தீர வேணாம். நான் நாளைக்கும் வர்றேன்."

அவன் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். "ஒன்பது மணிக்குத்தான் கடை திறப்பேன். அதுக்கு முன்னாடி வந்து வாசல்ல நிக்காத."