கட்சாலில் நீள்வட்டம் வரையப் பழகியவர்கள்

நிக்கோபாரில் உள்ள கட்சால் தீவின் அங்கன்வாடிச் சுவரில் இந்திராணி வரைந்த பானையின் வாயிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குக் கடல் பீறிட்டு வந்து, டீச்சர் வைஜெயந்தியின் காறையெலும்பை உடைத்தது. அன்று விடுமுறை என்பதால் குழந்தைகள் யாரும் இல்லை. தீவுக்குச் சாமான் கொண்டுவரும் கப்பல் இரண்டு நாள் தாமதம் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். சத்துணவுப் படம் ஒன்று சுவரில் இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. பானை, கீரைக்கட்டு, இரண்டு மீன். அங்கன்வாடியில் சமைக்கும் இந்திராணிக்கு அப்போது நாற்பத்தாறு வயது, அதுவரை எதையும் வரைந்ததில்லை. பானையின் வயிற்றை எப்படியோ முடித்துவிட்டு வாய்க்கு வந்தபோது பின்னாலிருந்து டீச்சர், "அரே அக்கா, பானை வாயா அது? பல்வலிக்காரன் தாடை மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். இந்திராணி அவள் பக்கம் திரும்பித் திட்டினாள். திட்டுகிற நேரத்தில் சாக்குக்கட்டி பிடித்த கை அவளைக் கேட்காமலே ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தது. ஒரு சாண் அகலம், நான்கு விரல் உயரம். அதுதான் முதல் நீள்வட்டம். தண்ணீர் டீச்சரைத் தூக்கி எதிர்ச்சுவரில் அறைந்தது, பெஞ்சை இரண்டாக்கியது, சன்னல் கம்பியை வளைத்தது. அரை நிமிடத்தில் சாக்குக்கோடு கரைந்துபோனதும் நின்றது. தரையில் கருமணலும், கிழிந்த ரப்பர் ஷீட்டும், ஒரு சிரட்டையும், உயிருள்ள சேவல் ஒன்றும் கிடந்தன.

சேவலை அடுத்த வீட்டு வேலாயி அடையாளம் கண்டுகொண்டாள். பதினெட்டு வருடம் முன்னால் சுனாமியில் போன சேவல், வால் இறகு ஒன்று மட்டும் குறைந்திருந்தது. அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். போகிற வழியிலேயே அது அவள் முழங்கையை மூன்று இடத்தில் கொத்திக் கிழித்தது. சிரட்டையை இந்திராணி எடுத்துக்கொண்டாள். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர்கள் மரத்தில் கட்டும் சிரட்டைகளுக்கு ஆளுக்கொரு வெட்டுக்குறி உண்டு. மூன்று கோடும் ஒரு பெருக்கலும் அவள் புருஷன் முத்துமணியின் குறி.

இவர்கள் எல்லோரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, கட்சாலில் அரசாங்க ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பங்கள். இரண்டாயிரத்து நான்காம் வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடியும்போது முத்துமணி குடித்துவிட்டு வந்து இந்திராணியை அடித்தான். அவளும் அடித்தாள். அவர்கள் கல்யாணமாகி ஐந்து வருடமும் அப்படித்தான், யார் அதிகம் அடித்தார்கள் என்பதில் தோட்டத்து லைன் வீடுகளில் இரண்டு கருத்து இருந்தது. அன்றைக்கு அவள் அவனை உள்ளே தள்ளி, கதவை வெளியே தாழிட்டுவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு மேட்டுக் காட்டுக்குப் பால்வெட்டப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பூமி ஆடியது, பிறகு கடல் வந்தது. வரிசையில் முப்பத்தொரு வீடுகள் போயின. முத்துமணியின் உடம்பு கிடைக்கவில்லை. தாழ்ப்பாளைப் பற்றி இந்திராணி யாரிடமும் சொல்லவில்லை.

சிரட்டை கிடைத்த மறுநாள் அவள் தன் வீட்டுச் சுவரில் வரையத் தொடங்கினாள். வட்டம் வரைந்தால் எதுவும் வரவில்லை. வட்டத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது என்பது வைஜெயந்தி சொன்ன காரணம். பானையோ கிணறோ, நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அதன் வாய் நீள்வட்டமாகத்தான் தெரியும், அப்படித் தெரிகிறதற்குத்தான் உள்ளே என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் பெருத்து முட்டையாகிவிட்டால் மணல் மட்டும் கொட்டியது. இரண்டு முனையும் கூராகிவிட்டால் கடித்தது. அப்படி ஒரு கூர்முனை வாய் அவள் சுண்டுவிரலைக் கணுவோடு எடுத்துக்கொண்டது. வைஜெயந்தி போர்ட் பிளேரில் வளர்ந்தவள், ஓவியத்தில் லோயர் பரீட்சை எழுதியவள். கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, போனில் இறக்கி வைத்திருந்த ஒரு வீடியோவைக் காட்டினாள். மணிக்கட்டை அசைக்கக் கூடாது, தோளிலிருந்து முழுக்கை சுற்ற வேண்டும். சுவரைத் தொடாமல் காற்றில் நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேகம் குறையாமல் சுவரில் இறக்கி, நிறுத்தாமல் இரண்டு முறை ஓட்ட வேண்டும்.

"உங்களுக்கு ஏன் டீச்சர் இந்தப் பொல்லாப்பு?" என்று இந்திராணி கேட்டாள்.

"எலும்பு உடைஞ்சது எனக்கு. அதுக்கு ஒரு சேவல் போதாது, ஒரு ஆளாச்சும் வெளிய வரணும்ல. போடுங்க, ஃபிர் ஸே, மறுபடியும்."

போட்டாள். ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு. ஆனால் பால்வெட்டுகிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய கோளாறு ஒன்று அவள் கையில் இருந்தது. ரப்பர் பட்டையைச் சாய்வாகக் கீறிக்கொண்டு போகும் கத்தி மரத்தின் பாதிச் சுற்றில் நின்றுவிட வேண்டும். முழுச்சுற்றும் கீறினால் மரம் செத்துப்போகும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கத்தியைக் கொடுக்கும் முன்னால் அடித்துச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பதினாறு வருடம், தினம் முந்நூறு மரம் என்று பாதியிலேயே நின்று பழகிய வலது கை, நீள்வட்டத்தின் பாதி வந்ததும் அரை நொடி தயங்கியது. கோடு அந்த இடத்தில் உடைந்தது. மாதத்தில் ஒருமுறை, எதையாவது நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும், கை தன்னை மறந்து முழுதாகச் சுற்றிவந்தது. அன்றைக்கு வீட்டில் ஏதாவது உடையும்.

இரண்டாம் வருடம் ஆடி மாதத்தில் தட்டு அகலத்துக்கு ஒன்று சரியாக அமைந்தது. அதிலிருந்து தண்ணீரோடு ஒரு கை முழங்கைவரை வெளியே வந்தது. முஷ்டியை மடக்கி ஓங்கி ஓங்கிக் குத்தியது. முன்னங்கையில் 'மு' என்று பச்சை குத்தியிருந்தது. இந்திராணி கிட்டே போய்ப் பிடித்தாள். அது அவள் வாயில் குத்தி முன்பற்கள் இரண்டை உதிர்த்துவிட்டு, கோடு கரைந்ததும் உள்ளே போய்விட்டது. அவள் வாயில் ரத்தத்தோடு வைஜெயந்தியிடம் ஓடினாள். "இன்னும் கதவைத்தான் இடிச்சுக்கிட்டிருக்கார் டீச்சர். இன்னும் சாகல." தாழ்ப்பாள் விஷயத்தை அன்றுதான் சொன்னாள். அன்றிலிருந்து ஒரு முழு ஆள் நுழைகிற அளவுக்கு, மூன்று முழ அகலத்துக்கு வரைய வேண்டும் என்பது தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை.

குடியிருப்பில் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஒரு ஆடு கழுத்து முறிந்து செத்தது. தபால்காரரின் சைக்கிள் தென்னை மரத்தில் செருகிக்கொண்டது. கடைசியில் இந்திராணியின் பின்சுவர் வெடித்து வந்த தண்ணீர், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வேலாயியின் இடுப்பை உடைத்தது. வேலாயியின் புருஷன் ஐயாவு குடியிருப்புக் கமிட்டித் தலைவர். அவர்களுடைய ஒரே மகள் புஷ்பா ஒன்பது வயதில், சுனாமி வந்த அதே ஞாயிற்றுக்கிழமை போனவள். ஐயாவு ரப்பர் மரக் கட்டை ஒன்றோடு, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஒருத்தனுக்காக எல்லாரையும் மறுபடி மூழ்கடிக்கப் போறியா புள்ள? பைத்தியமா, பாகல் ஆயிட்டியா? பந்த் கர், சொல்லிட்டேன்."

"நான் நிறுத்த மாட்டேன் அண்ணே."

"கையிருந்தாத்தானே வரைவ."

நாலு பேர் அவளை வாசல் கல்லில் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, ஐயாவு அவளுடைய வலது கையை முழங்கைக்கு மேலும் கீழும் இரண்டு இடத்தில் உடைத்தார். அடித்து முடித்ததும் உட்கார்ந்து அழுதார் என்று அந்த நாலு பேரில் ஒருவர் பிற்பாடு சொன்னார். கம்பவுண்டரிடம் மாவுக்கட்டுத் தீர்ந்துபோயிருந்ததால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கை கோணலாகக் கூடியது, தோளுக்கு மேல் எழும்பவில்லை.

ஐயாவு செய்த தப்பு, வலது கையை உடைத்ததுதான். இந்திராணியின் இடது கை ஒருநாளும் கத்தி பிடித்ததில்லை. பால்வெட்டும்போது அது மரத்தைத் தொட்டுக்கொண்டு சும்மா இருக்கும்; பாதியில் நிற்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாலு மாதம் அது எல்லாவற்றையும் கோணலாகப் போட்டது. ஐந்தாம் மாதம் கோடு நடுங்காமல் போய்த் தன் தொடக்கத்தைத் தானே விழுங்கியது, எங்கே தொடங்கியது என்று வைஜெயந்தியால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. "பஸ் அக்கா, போதும்," என்றாள், "இனிமே சாக்குக்கட்டி வேணாம். பெயிண்ட்."

இடத்தை இந்திராணியே தேர்ந்தெடுத்தாள். சுனாமிக்குப் பிறகு கைவிடப்பட்ட பழைய புகைக்கூடம், ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் கட்டடம், கடலைப் பார்த்த சரிவில் இருந்தது. வருகிற தண்ணீர் யார் வீட்டுக்கும் போகாமல் நேராகக் கடலில் இறங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நைலான் கயிற்றால் இடுப்பைப் பக்கத்து மரத்தோடு கட்டிக்கொண்டு, சிவப்பு ஆக்சைடு பெயிண்டில் பிரஷை முக்கினாள். காற்றில் நாலு சுற்று. பிறகு சுவரில் இரண்டு சுற்று, கையால் அல்ல, குதிகாலிலிருந்து உடம்பு முழுவதையும் சுழற்றி. யாரோ போய்ச் சொல்லி ஐயாவு கட்டையோடு சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தபோது வாய் திறந்தது.

பதினோரு நிமிடம் கடல் வந்தது. கட்டில், அம்மி, தகரக் கூரைகள், வேரோடு ஒரு பலாமரம், யாருடையது என்று தெரியாத மாடு ஒன்று. தகரம் ஒன்று சுழன்று வந்து ஐயாவின் இடது காதைச் சீவிக்கொண்டு போனது. கயிறு இந்திராணியின் இடுப்புத் தோலை உரித்தது. எட்டாம் நிமிடத்தில் பாதிக் கதவு ஒன்று வந்தது, அதைத் தோளால் இடித்துக்கொண்டே முத்துமணி வந்தான். முப்பத்தொரு வயது, அதே கைலி. சேற்றில் புரண்டு எழுந்தவன் எதிரே கண்ட பெண்ணின் கழுத்தைப் பிடித்து நெரித்தான். "கதவத் தொறடி! தொறடி கதவ!" என்று கத்தினான். இந்திராணிக்குக் கண் செருகியது. ஐந்து மாதம் சுவரில் சுற்றித் தேறிய தோளிலிருந்து இடது கையை வீசி அவன் செவிட்டில் அறைந்தாள். அவன் நாலடி தள்ளி விழுந்தான்.

"தொறந்துட்டேன்யா," என்றாள், "வெளியதான் இருக்க. மூச்சு விடு."

அவன் மூச்சு விட்டான். நரைத்த தலையையும் இல்லாத பற்களையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நீ இந்திராணியா, இந்திராணியோட அம்மாவா?" என்று கேட்டான். சுவரில் காரை பெயர்ந்து விழ, தண்ணீர் நின்றது. ஐயாவு அறுந்த காதைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கில் ரத்தம் ஒழுக, தவழ்ந்து கிட்டே வந்தார். கட்டை எங்கோ போயிருந்தது.

"முத்துமணி, எங்க புஷ்பா?"

"புஷ்பாவா? பக்கத்து வூட்டுக் கூரையில ஏறி நின்னு அப்பா அப்பான்னு கத்திக்கிட்டிருக்கு. நீங்க இஞ்ச என்னா அண்ணே பண்றீங்க?"

முத்துமணியின் பெயரை ரேஷன் கார்டில் சேர்க்க மூன்று மாதம் ஆனது. வயது என்ற இடத்தில் குமாஸ்தா முப்பத்தொன்று என்று எழுதி, அடித்து, ஐம்பத்தொன்று என்று எழுதி, பிறகு இரண்டையும் விட்டுவைத்தார். அவனும் இந்திராணியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒருமுறை அவன் கை ஓங்கினான். அவள் ஓங்கிய கை முதலில் இறங்கியது. அதன் பிறகு சத்தம் மட்டும்தான். மற்றவர்களுக்காக இந்திராணி புகைக்கூடத்துச் சுவரில் பதினான்கு தடவை வரைந்து பார்த்தாள். பதினான்கு தடவையும் அவள் வீட்டுச் சாமான்களே வந்தன. அவரவர் விட்டுவிட்டு ஓடிய இடத்துக்கு அவரவர் கைதான் வாய் திறக்கும் என்று தெரிந்துபோயிற்று.

எனவே இப்போது குடியிருப்பு முழுக்க வரையப் பழகுகிறது. ஞாயிறு காலை சரிவில் கயிறு கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள், வலது கையை அரைஞாணோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு. முத்துமணி கயிறு பிடிக்கிறான். வைஜெயந்தி மாற்றல் உத்தரவை இரண்டு முறை திருப்பியனுப்பிவிட்டு, குச்சியோடு பின்னால் நடந்து, மணிக்கட்டு அசைந்தால் முட்டியில் அடிக்கிறாள். இதுவரை ஆறு பேர் வெளியே வந்திருக்கிறார்கள், அவர்களில் இருவர் தீவின் பூர்வகுடிகளான நிக்கோபாரிகள். உடைந்த கைகால்கள் முப்பதுக்கு மேல். மாவுக்கட்டுச் சாமான் கப்பலில் மாதம் இரண்டு பெட்டி கூடுதலாக வருகிறது. ஏன் என்று கம்பவுண்டரை யாரும் கேட்பதில்லை. சனிக்கிழமை மாலையே ஆடு கோழிகளை மேட்டில் கட்டிவிடுகிறார்கள். இடுப்பு கூடாத வேலாயியை நாற்காலியோடு தூக்கிவந்து நிழலில் வைக்கிறார்கள், அவள் அங்கிருந்தே ஐயாவைத் திட்டுகிறாள். ஐயாவுக்கு இதுவரை மூன்று பற்களும் ஒரு கட்டைவிரலும் போயிருக்கின்றன, அவர் போடும் நீள்வட்டத்தின் வலது முனை மட்டும் இன்னும் சற்றுக் கூராக விழுகிறது. புஷ்பாவின் தோள் நுழைய இரண்டு சாண் வேண்டும். ஐயாவு இப்போது ஒன்றேகால் சாணில் இருக்கிறார்.