தேரியில் ஒரு காது சோதனை

1

இது கதையாகப் பிறக்கவில்லை. 1976 பங்குனியில், தேரிக்காட்டின் செம்மணல் மேடுகளில் என்னென்ன பூத்திருக்கிறது என்று ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதப் புறப்பட்டேன். சாத்தான்குளம் தாண்டியதும் பஸ்ஸின் டயர் வெடித்தது. இறங்கி நின்றவர்களில் மெட்டில்டா என்ற பெண்ணும் அவள் கணவனும் இருந்தார்கள். கட்டுரை அத்தோடு கையை விட்டுப் போனது. நல்லவேளை.

முதல் வரி இப்படி இருந்தது: 'செம்மணலில் வசந்தம் ஒரு மணப்பெண்ணைப் போல...' வேண்டாம். அங்கே மணப்பெண் யாரும் இல்லை. உடைமரங்கள், பூத்த முந்திரி, இடுப்பளவுக்கு மஞ்சளாய் நின்ற கிலுகிலுப்பைச் செடிகள். அவற்றில் நீலவரிப் பட்டாம்பூச்சிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

2

மெட்டில்டாவின் கணவன் இஞ்ஞாசி தூத்துக்குடியில் சங்கு குளிப்பவன். ஆழத்தில் இரண்டு காதும் உடைந்து, இப்போதுதான் ஆறி வருகிறது. துறைமுகத்தில் ஒரு வேலை காத்திருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லச் சொல்லும் சொல்லை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினால் மறுபடி கடல்தான் என்கிறான். மறுபடி மூழ்கினால் ஆள் மேலே வருவதே சந்தேகம் என்று டாக்டர் அவளைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கிறார்.

(இஞ்ஞாசியை முதலில் சோகமானவனாக எழுதினேன். பொருந்தவில்லை. ஒரு குருவியைப் பார்த்து வாய்பிளந்து நின்றவனை எப்படிச் சோகமாக்குவது?)

"ஏளா, மேல பாரு, பச்சைக் குருவி. பூச்சியப் பிடிச்சுக் கம்பில அடிச்சுத் திங்குது."

"மெதுவாப் பேசுங்க. பஸ்ஸே திரும்பிப் பாக்குது."

"என்ன?"

அந்த 'என்ன'தான் அவளுக்குப் பயம்.

3

அவள் காய்ந்த கிலுகிலுப்பைக் காய் ஒன்றைப் பறித்தாள்.* அவன் பின்னால் போய், காதருகே மெல்ல ஆட்டினாள்.

அதே நேரம் அவள் சேலை செடியில் உரசியது. பட்டாம்பூச்சிகள் மொத்தமாக எழும்பி அவன் முகத்துக்கு முன்னால் பறந்தன.

இஞ்ஞாசி திரும்பினான். அவள் கையைப் பார்த்தான். சிரித்தான்.

"டாக்டரம்மா இங்கனயே வந்துட்டியளா?"

"கேட்டுச்சா?"

"எம்புட்டுப் பூச்சி, பாத்தியா."

* உள்ளே விதைகள் உருண்டு, பிஞ்சுச் சலங்கை போல ஒலிக்கும்.

4

அவள் இன்னொரு முறை ஆட்டியிருக்கலாம். ஆட்டாதது என் கதையின் சௌகரியத்துக்காக என்று நீங்கள் சந்தேகிப்பீர்கள். நானும் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்.

"எதுக்கு அண்ணாச்சி? கட்டின நாள்லேருந்து இவரு எங்கூடச் சும்மா நின்னதே கிடையாது. கடலு, தூக்கம், கடலு. இன்னைக்கு நின்னாரு. டயர் வெடிச்சதுக்கு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி வைக்கணும்."

5

முடிவு அ: அவனுக்குக் கேட்டிருக்கிறது. வேலை கிடைக்கிறது. சம்பள நாளில் அவள்... [இது நான் அவர்களுக்குப் பட்ட நன்றிக்கடன். நடந்தது ஆகாது.]

முடிவு ஆ: பட்டாம்பூச்சிகளைப் பார்த்துத்தான் திரும்பினான். திங்கட்கிழமை... [இதற்குமேல் பேனா போகவில்லை. அப்படி ஒரு பகலை எனக்குக் கொடுத்தவர்கள்.]

ஆகவே இப்படி. திங்கட்கிழமை காலை. இஞ்ஞாசி முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். கதவுக்கு வெளியே மெட்டில்டா. டாக்டர் நிற்க வேண்டிய இடத்தில் உங்களை நிறுத்தியிருக்கிறேன். எந்தச் சொல் என்பது உங்கள் விருப்பம்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.