அரை அறை முற்றுகை

போன தீபாவளிக்கு, வாகட்டில் ராம்பிரசாத் குடியிருக்கும் அடுக்குமாடி சொஸைட்டியின் பிள்ளைகள் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் செம்மண்ணைக் குழைத்து ஒரு கோட்டை கட்டினார்கள். புனேயில் அது வருஷா வருஷம் நடப்பதுதான். மண் வந்து இறங்கிய சில நாட்களில் மதில் எழும்பி, புல்லுக்காகத் தூவிய கடுகும் முளைத்து, சிவாஜி மகாராஜ் உச்சியில் உட்கார்ந்துவிட்டார். ராம்பிரசாத் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டையை ஒரு சுற்று வந்து, "சுவரோட சரிவு சரியில்லை" என்று தீர்ப்பு வழங்கினார். அந்தத் தீர்ப்பை யாரும் கேட்டிருக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழும் தெரியாது.

அன்றைக்கே அவருக்குள் யோசனை முளைத்துவிட்டது. அடுத்த நவராத்திரிக் கொலுவில், படிகளுக்குக் கீழே வழக்கமாகப் பூங்கா வைக்கும் இடத்தில், சாமுராய்கள் ஒரு கோட்டையை முற்றுகையிடும் காட்சி. ஏன் ஜப்பான் என்று மனைவி கோதை கேட்டாள். மராட்டியக் கோட்டை என்றால் குற்றம் கண்டுபிடிக்க சொஸைட்டி முழுக்க ஆள் இருக்கிறது, ஜப்பான் என்றால் ஒருவரும் கிடையாது. இந்த உண்மையை விழுங்கிவிட்டு, "ஒரு சேஞ்சுக்கு" என்றார்.

கோதை சிரிக்கவில்லை. அவர்களுடையது இரண்டரை பெட்ரூம் ஃப்ளாட். அந்த அரை அறையில்தான் ராம்பிரசாத்தின் பழைய ஆசைகள் எல்லாம் குடியிருந்தன: இன்னும் பொருத்திப் பார்க்காத தொலைநோக்கி, இரண்டு பாட்டோடு நின்றுபோன கீபோர்டு, தண்ணீரையே பார்த்திராத மீன்தொட்டி. கோதையோ நாலு வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை செய்தாள். மீட்டிங் நடுவே குக்கர் கூவினால், லண்டனில் இருப்பவர்கள் எங்கேயோ தீப்பிடித்துவிட்டதா என்று பதறுவார்கள்.

"இந்தக் கோட்டையைக் கொலுவுக்குள்ள முடிச்சேள்னா ரூம் உங்களுக்கே. முடிக்கலைன்னா எனக்கு. அப்புறம் பேச்சே கிடையாது," என்றாள்.

"டீல்," என்றார் ராம்பிரசாத், வாழ்நாளில் எதையுமே பாதியில் விடாதவர் மாதிரி.

ஆராய்ச்சி தொடங்கியது. ஹிஞ்சேவாடிக்குப் போகும் கம்பெனி கேபில், அசையாத டிராஃபிக்கில், அவர் பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில் வாழ்ந்தார். சாந்து பூசாமல் அடுக்கிய மதில் கற்கள் எப்படி நிற்கின்றன, எந்தக் குலத்தின் கொடி என்ன நிறம், எல்லாம் அத்துப்படி. அந்தக் காலத்துக் குதிரைகளுக்கு லாடம் கிடையாது, வைக்கோல் செருப்புதான் என்று கண்டுபிடித்த வாரம் முழுக்கச் செருப்பைப் பற்றியே படித்தார். அவர் திட்டத்தில் குதிரையே கிடையாது.

படித்ததை எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டில் கோதையிடம் இறக்கி வைப்பார். அவளும் அலுக்காமல் கேட்டாள். இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறாளே என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவருக்குப் பெருமைதான் வந்தது.

"டொட்டோரின்னு ஒரு கோட்டை, கோதை. பிடிக்க வந்தவா சண்டையே போடலை. முன்னாடியே அந்த ஊர் அரிசியை எல்லாம் நல்ல விலை குடுத்து வாங்கிட்டா. அப்புறம் சுத்தி உக்காந்துட்டா. அவ்வளவுதான்."

"உள்ள இருந்தவா?"

"சாப்பாடு இல்லாம எத்தனை நாள் இருப்பா? வெளியில வந்துதானே ஆகணும்?"

"நன்னாருக்கே. இதையே வைங்கோளேன்."

"சும்மா உக்காந்திண்டிருக்கறதை யாரு பார்ப்பா? சண்டைன்னா ஏறி அடிக்கணும். ஆனா அதுக்கு ஆள் வேணும். உள்ள ஒருத்தன் இருந்தா வெளியில மூணு பேராவது வேணும்."

"மூணா?" என்று கேட்டுக்கொண்டு கோதை ரசம் ஊற்றினாள்.

ஆவணி முடியும்போது ஆராய்ச்சி மலையாகக் குவிந்திருந்தது, கோட்டைக்கு ஒரு கல்கூட விழவில்லை. பயம் பிடித்துக்கொண்டது. மலை செய்ய காகிதக் கூழ் வேண்டும். பழைய பேப்பரைத் தேடினால் வீட்டில் ஒரு தாள் இல்லை.

"பழைய பேப்பர் வாங்கற ரத்திவாலா வந்தான், போட்டுட்டேன்," என்றாள் கோதை.

எதிர்வீட்டு சுனிலிடம் கெஞ்சி ஒரு கட்டு மராத்திப் பேப்பர் வாங்கி வந்தார். அடுத்த சங்கடம், வேலை செய்ய இடம். அரை அறையில் மீன்தொட்டிக்கும் கீபோர்டுக்கும் நடுவே அவரே ஒருக்களித்துத்தான் நிற்க முடியும்.

"டைனிங் டேபிளை எடுத்துக்கோங்கோ," என்றாள் கோதை. "கொலு வரைக்கும் நான் அந்த ரூம்ல ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்."

ராம்பிரசாத் உருகிப்போனார். எப்பேர்ப்பட்ட மனைவி! அந்த நன்றிப் பெருக்கில், தொலைநோக்கியைப் பரணில் ஏற்றியவர் அவரேதான். மீன்தொட்டியை பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய் முதுகைப் பிடித்துக்கொண்டவரும் அவரேதான். ஜன்னலோரம் அவளுக்கு ஒரு மேஜை போட்டு, அது ஆடாமல் இருக்கக் காலுக்கு அட்டையும் சொருகிக் கொடுத்தார்.

பிறகு பேய் மாதிரி வேலை செய்தார். கொலுவின் முதல் நாள் மத்தியானம் கோட்டை எழுந்து நின்றது. சரிவில் அப்பழுக்கில்லை. ஏணியில் சில சாமுராய்கள், மதில்மேல் சில சாமுராய்கள், அடிவாரத்தில் வீரமரணம் அடைந்த ஒரு கூட்டம், ஒவ்வொருவரும் சரித்திரப்படி விழுந்து கிடந்தார்கள். கோதை குனிந்து பார்த்தாள். முகம் மாறியது.

"என்னன்னா இது? பொம்மையைப் படுக்க வெச்சிருக்கேள்! விஜயதசமி ராத்திரிதான் படுக்க வைப்பா. படுக்க வெச்சா கொலு முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். இன்னிக்குத்தானே ஆரம்பிக்கறோம்?"

"அவா செத்துட்டா, கோதை."

"ஆத்துல நல்ல நாளும் அதுவுமா!"

"மேல் படியில ரங்கநாதர் மட்டும் படுத்திண்டிருக்கலாமா?"

"அவர் பெருமாள். படுத்திண்டாலும் முழிச்சிண்டுதான் இருக்கார். உங்க ஆளுங்க முழிச்சிண்டிருக்காளா?"

ஆராய்ச்சியில் இதற்குப் பதில் இல்லை. விருந்தாளிகள் வருவதற்குள் இறந்தவர்களை எல்லாம் பிய்த்து எடுத்து, காலில் பசை தடவி நிறுத்தினார். ஒன்றிரண்டு பேர் முதுகில் அம்போடு நின்றார்கள். கீழே எல்லாரும் எழுந்து சும்மா நின்றதால் ஏணியில் இருந்தவர்கள் மட்டும் அசடு வழிந்தார்கள். அவர்களையும் இறக்கிவிட்டார்.

சாயங்காலம் சுனில் வந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, கோட்டை பிரமாதம், ஆனால் இத்தனை பேர் சுற்றி நின்று என்ன செய்கிறார்கள் என்று இந்தியில் கேட்டார்.

"இந்தஜார்," என்றார் ராம்பிரசாத். காத்திருக்கிறார்கள்.

ஆனாலும் முடித்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை முடித்துவிட்டார். மறுநாள் காலை, மேஜையைத் துடைத்து வைத்துவிட்டு, பரிசை வாங்கிக்கொள்ள அரை அறைக் கதவைத் திறந்தார்.

கோதை ஜன்னலோரம் காதில் ஹெட்போனோடு யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். குரலில் அவசரமில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. நாலு வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. அதைவிட, பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. வைக்கோல் செருப்பு வரை ஆராய்ந்த மனிதருக்கு அது சுருக்கென்று குத்தியது.

அவரைக் கண்டதும் மைக்கை அணைத்தாள்.

"ஜெயிச்சுட்டேள். ரூம் உங்களுதுதான்," என்றாள். "வந்து பிடிச்சுக்கோங்கோ. உள்ள ஒருத்தர் இருந்தா வெளியில மூணு பேர் வேணும்னு நீங்கதானே சொன்னேள்?"

ராம்பிரசாத் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவர் ஒருவர்தான் இருந்தார். டொட்டோரி அரிசி, காணாமல்போன பேப்பர், மேஜை, மீன்தொட்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார், வரவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, தன் சாமுராய்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

சமையலறையில் குக்கர் கூவியது. சாத்திய கதவுக்குப் பின்னால் கோதையின் குரல் தடைப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. ராம்பிரசாத் எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.