பன்னிரண்டு விநாடி

எங்கள் விமானத்தின் இறக்கை நுனிகளில் இரண்டு பெரிய விசிறிகள். அவை மேல்நோக்கி இருந்தால் ஹெலிகாப்டர் போல நின்ற இடத்திலிருந்தே எழும்பும். முன்னோக்கிச் சாய்ந்துவிட்டால் விமானமாக விரையும். சாய்வதற்குப் பன்னிரண்டு விநாடி. பாதிச் சாய்வில் இடது விசிறி அளவுக்கு மீறி அதிர்வதைத் தரைச் சோதனையில் கண்டு, நான்கு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எழும்பும் பிரிவு, அது பறக்கும் பிரிவின் பாடு என்றது. பறக்கும் பிரிவு, இன்னும் பறக்கவே தொடங்கவில்லையே என்று திருப்பி அனுப்பியது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். நானும் நான்கு முறையும் ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்றே தொடங்கியிருக்கிறேன். அந்தப் பணிவை நினைத்தால் அவர்களைவிட என் மேல்தான் எரிச்சல் வருகிறது.

இன்று முதல்முறையாக வானத்தில் சாய்க்கப்போகிறார்கள். ஓட்டுவது என் நாத்தனார். காலையில் தலைக்கவசத்தை மாட்டியபடி கேட்டாள்.

“அண்ணி, உங்களுக்கு பயமா, இல்ல அளவு அப்படி சொல்லுதா?”

“அளவுதான்.”

“அப்ப சத்தமா சொல்லுங்க. அண்ணன் ஈரத் துண்ட கட்டில்ல போட்டா மட்டும் தெருவுக்கே கேக்குது.”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். வீட்டில் அவ்வளவு எளிதாக எழும் குரல், இந்தக் கட்டடத்துக்குள் வந்ததும் ஏன் காகிதமாகிவிடுகிறது?

விமானத்தின் அளவுகளைக் கண்காணிக்கும் அறையில் ஒலிவாங்கி என்னிடம். நான் ‘சாய்க்கலாம்’ என்ற பிறகுதான் விமானி சாய்க்க வேண்டும். வேறு ஏதாவது சொல்லலாம் என்பதே யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான். விமானம் எழும்பி அந்தரத்தில் நின்றது. திட்டத் தலைவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, காட்சி பார்க்க வந்த விருந்தினர் வெளியே காத்திருப்பதை நினைவூட்டினார்.

“சாய்க்காதே,” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “அப்படியே இறங்கு.”

“சரிங்க அண்ணி.” ஒலிபெருக்கியில் அறை முழுவதும் கேட்டது.

விமானம் நேராக இறங்கியது. வெளியே பலத்த கைதட்டல். அவ்வளவுதான் காட்சி என்று நினைத்துவிட்டார்கள் போலும். எழும்பும் பிரிவினர் ஒருவரோடொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

தலைவர், ஏன் நிறுத்தினேன் என்று விளக்கம் கேட்கும் படிவம் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். முதல் வரியில் இரண்டு கட்டங்கள்: எழும்பும் பிரிவு, பறக்கும் பிரிவு. கோளாறு யார் பாடு என்று ஏதாவது ஒன்றில் குறியிட வேண்டுமாம்.

இரண்டையும் காலியாக விட்டேன். மேலான கவனத்தையும் விட்டுவிட்டேன். ‘இடது விசிறி அதிர்கிறது. அந்த அதிர்வு நிற்கும்வரை நான் சாய்க்கச் சொல்ல மாட்டேன்,’ என்று எழுதினேன். அழுத்தியதில் படிவம் கிழிந்தது.