மச்சான் கொண்டுவந்த டீ

சீலிங்கில் ரோலர் ஓட்டத் தலையை நிமிர்த்தியதுமே பெயிண்டருக்கு அறை கிறுகிறுவென்று சுற்றியது. அரை நிமிஷம்தான். கீழே ஏணியைப் பிடித்திருந்த மச்சான், அதாவது பெண்டாட்டியின் தம்பி, பதறிப்போய் அவனைத் தாங்கி இறக்கினான். பதினோரு வருஷமாக இவன் ஏற, அவன் பிடிக்க என்று ஓடும் ஜோடி.

படுக்கையில் புரண்டாலும் சுற்றியது. காது டாக்டரம்மா அவன் தலையைத் திருப்பிப் படுக்கவைத்துக் கண்களை உற்றுப் பார்த்தார்.

"காதுக்குள்ள சுண்ணாம்புப் பொடி மாதிரி துகள் இருக்கும். அதுல கொஞ்சம் இடம் மாறிப் போயிருக்கு. தலையை அசைச்சா அதுவும் உருளும், சுத்தும். பெரும்பாலும் சில வாரத்துல தானா கரைஞ்சிடும், இல்ல பழைய இடத்துக்கே போயிடும். சில பேருக்குத் திரும்பவும் வரும். அதுவரைக்கும் ஏணி ஏறாதீங்க."

மருந்தில்லாமல் போகிற வியாதியா? காதைக் காட்டப் போனால் காதிலேயே பூச்சுற்றுகிறார்களே! அவனுக்கு வேறு கணக்கு ஓடியது. மச்சான் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் டீ கொண்டுவர ஆரம்பித்த பிறகுதானே இந்தச் சுற்றல்? இப்போது தனக்குப் பதிலாக ஏணியில் ஏறுவது யார்? மச்சான்தானே! எதையோ கலக்குகிறான் படுபாவி.

அன்றிலிருந்து அந்த டீயை யாரும் பார்க்காதபோது சிங்க்கில் கொட்டினான். மூன்றாவது வாரம் சுற்றல் நின்றது. இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"டீயில என்னடா கலந்த?"

மச்சான் விழித்தான். "மாமா, நானும் அதே டீயைத்தானே குடிச்சேன்?"

"நடிக்கிறதுக்குக் குடிச்சிருப்ப!"

மச்சான் பிரஷ்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனான், போனவன்தான். பெண்டாட்டி சோறு போட்டாள், பேச்சை நிறுத்திவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து உயரமான ஹால் ஒன்றில் தனியாக வேலை. டீயைத் தானே போட்டுக் கொண்டுவந்து பாதி குடித்துவிட்டு ஏறினான். தலையை நிமிர்த்தினான்.

சுற்றியது. அதே சுற்றல்.

"மச்சான், பிடிடா!" என்று கத்தினான். கீழே யாரும் இல்லை. ஏணி ஆடியது. கண்ணை இறுக மூடி, கம்பியைக் கட்டிக்கொண்டு, சுற்றல் நின்றபின் ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினான். தரையில் அவனே போட்ட டீ ஆறிக்கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன் போட்டான். "மச்சான்... எனக்கு மறுபடியும் சுத்துதுடா."

"முதல்ல ஏணியை விட்டு இறங்கிட்டீங்களா மாமா?"