கோழிக்கடைக்காரரின் தலாக் சத்தியம்

மன்சூரா சந்தையில் ஷவ்கியின் கோழிக்கடை பெரிது. அவரது நாக்கு அதைவிடப் பெரிது. எடை சரி என்பதற்கு ஒரு தலாக், காலையில் அறுத்த கோழி என்பதற்கு ஒரு தலாக்! பிறர் தம் தலைமேல் சத்தியம் செய்வார்கள். இந்த மாவீரரோ மனைவியின் வாழ்வை அடகு வைத்துக் கால் கிலோ ஈரல் விற்பார்.

"இம்மாங் கொழுப்பா இருக்கே, ஹார்மோன் ஊசி போட்டதா முதலாளி?" என்றாள் ஒருத்தி.

"தாயே, ஹார்மோன்ங்கிற சனியன் என் கடையில மட்டுமில்ல, என் வீட்டு வாசப்படியை மிதிச்சாக்கூட என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

கோழி விற்றது. அன்று மாலையே ஹார்மோன் வாசற்படியை மிதித்தது. கொண்டுவந்தவள் அவர் மனைவி இன்ஸாஃப்.

ஐந்து மாதக் கர்ப்பிணி அவள். சென்ற முறை ஆறாம் மாதமே பிறந்த மகள், ஒரு பகல்கூட மூச்சுவிடவில்லை. கருப்பையின் அழற்சியே பிள்ளையை முன்கூட்டித் தள்ளிவிட்டது என்றும், இம்முறையும் அந்த அபாயம் உண்டு என்றும் சொன்ன டாக்டர் மிர்வத், கருப்பையை அமைதிப்படுத்தும் ஹார்மோன் மருந்தைத் தந்திருந்தார். "உறுதி சொல்ல முடியாதும்மா. ஆனா ஒரு நாளும் விட்டுடாதே."

"ஹார்மோனா? தூக்கி எறிடி! ஊருக்குத் தெரிஞ்சா என் கோழியை எவன் வாங்குவான்?" என்று குதித்தார் ஷவ்கி.

"கர்ப்பிணி உடம்புல தானா ஊறுறதுதாங்க. உங்கம்மாவுக்கும் ஊறுச்சு."

"எங்கம்மாவை இழுக்காதே! நான் செஞ்ச சத்தியம் என்னாகிறது?"

அவர் மருந்துப் பெட்டியைப் பறிக்கக் கை நீட்டினார். இன்ஸாஃப் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கடையில நீங்க கத்தினது எனக்கும் கேட்டுச்சு. மருந்துதான் வீட்டுக்குள்ள வந்துடுச்சே! உங்க சத்தியப்படி நான் இப்ப உங்க பொண்டாட்டி இல்ல. அடுத்தவ மருந்துல கை வைக்க நீங்க யாரு?"

சந்தையின் நடுவே நடந்து, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தல்ஹாவுக்கு, தகப்பன் வீட்டுக்குப் போனாள்.

ஷவ்கி பள்ளிவாசலுக்கு ஓடினார்.

"மனைவியைப் பிரியணும்னு நினைச்சுச் சொன்னியா?" என்றார் ஷேக்.

"இல்லீங்க, கோழி விக்கணும்னு நினைச்சுச் சொன்னேன்."

"அப்ப தலாக் இல்ல. சத்தியம் தவறினதுக்குப் பரிகாரமா பத்து ஏழைக்குச் சோறு போடு. இனிமே வாயை மூடிக்கிட்டுக் கடையைத் திற."

அந்தத் தீர்ப்போடு தல்ஹாவுக்குப் போனவரிடம், "பிள்ளை பிறக்கட்டும்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள் இன்ஸாஃப்.

மருந்து ஒரு நாளும் தவறவில்லை. ஆறாம் மாதம் கடந்தது. ஏழும் எட்டும் கடந்தன. ஒன்பதாம் மாதம் நிறைந்து, வீடே அதிர அழுதபடி ஒரு மகள் பிறந்தாள்.

ஏழாம் நாள் விழாவில் பெண்கள் குழந்தையின் அருகே பித்தளை உரலை இடித்து, வழக்கப்படி கூவினார்கள்:

"அம்மா பேச்சைக் கேளு! அப்பா பேச்சைக் கேக்காதே!"

ஆண்டாண்டுக் காலமாக அது வெறும் வேடிக்கை. இம்முறை மூலையில் நின்ற ஷவ்கி ஒருவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.